வளவு வீட்டில் சோலார்: கேள்வி – பதில்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கமிருந்து சோலார் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் முகப்பும் (வாசல் பக்கக் கட்டு) வளவும் (முற்றத்தைச் சுற்றிய கட்டு) நாட்டு ஓடு. இரண்டாம் கட்டு மெட்ராஸ் டெரஸ். பின்னால் சமையற்கட்டு மட்டும் பிற்பாடு கட்டிய கான்கிரீட். 3 கிலோவாட் போட வந்தவர், டெரஸில் துளை போட்டு போல்ட் அடித்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

வேண்டாம். அந்தத் தளத்தில் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள். மெட்ராஸ் டெரஸ் பார்வைக்குத்தான் கான்கிரீட் தளம் மாதிரி. உள்ளே இருப்பது வரிசையாகப் போட்ட தேக்கங்கட்டை, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக வைத்த மெல்லிய செங்கல், அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கிய காரை, கடைசியில் தட்டோடு. ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்குள் விரிந்து கவ்வும். சுண்ணாம்புக் காரையில் கவ்வாது, துளையைச் சுற்றிப் பொரிந்துதான் வரும். ஐப்பசி மழை அந்த வழியாக இறங்கிக் கட்டையை நனைக்கும். கூடத்தில் சொட்டுவதை நீங்கள் பார்க்கும்போது கட்டை உளுக்கத் தொடங்கியிருக்கும்.

துளையே போடாமல் கான்கிரீட் பிளாக் வைத்துப் பிடிக்கலாம் என்று அடுத்ததாகச் சொல்வார். ஒரு கன அடி பிளாக் சுமார் 68 கிலோ. பேனலுக்கு மூன்று என்று ஆறு பேனலுக்கு வைத்தால் ஒரு டன்னைத் தாண்டும். அத்தனையும் சுவர் மேல் உட்காராமல் கட்டைகளின் நடுவில் உட்காரும். நாட்டு ஓட்டுப் பக்கம் பேச்சே வேண்டாம். ஏறி நடந்தாலே ஓடு உடையும், எது உடைந்தது என்பது மழை வந்தால்தான் தெரியும்.

உங்களுக்கு இடம் சமையற்கட்டின் மேல்தான். 550 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 7½ அடி நீளம், 3¾ அடி அகலம், 28 கிலோ. ஆறு போட்டால் 3.3 கிலோவாட். கண்ணாடிப் பரப்பு 170 சதுர அடிக்குள் அடங்கும். நடக்கவும் கழுவவும் இடம் விட்டு 280 சதுர அடி வேண்டும். 20-க்கு 14 தளம் இருந்தால் போதும். இல்லையென்றால் தோட்டத்தில் கார் ஷெட் போட்டு அதன் மேல் வையுங்கள். சமையற்கட்டின் மேல் என்றால், பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் (ஸ்ட்ரக்சர்) கால்கள் நிற்கும் இடத்தில் தளத்தைக் கொத்தி, போல்ட் வைத்து, மேலே சின்னக் கான்கிரீட் மேடை கட்டி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் பூசச் சொல்லுங்கள். மாடி பயன்படட்டும் என்று ஸ்ட்ரக்சரை எட்டு அடிக்குத் தூக்குவது இப்போது நாகரிகமாகிவிட்டது. 2018 கஜா புயலில் புதுக்கோட்டைப் பக்கம் காற்று என்ன செய்தது என்று பார்த்த ஊர்க்காரர்கள் நாம். பின்கால் மூன்றரை அடிக்குள் நின்றால் நல்லது.

வேலை நடக்கும்போது, பேனலைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்பைப் பாருங்கள். பேனலின் நீளப் பக்கத்தில், இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் நாலில் ஒரு பங்குக்கும் இடையில், அதாவது ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடிக்குள் கிளாம்ப் விழ வேண்டும். கம்பி எங்கே வந்ததோ அங்கே பிடித்துவிட்டுப் போனால் காற்றில் பேனல் நடுவில் வளைந்து வளைந்து, உள்ளே மின்சாரம் தரும் சோலார் செல்லில் மயிரிழை விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது, யூனிட் மட்டும் குறையும். பேனல் மேல் முழங்கால் ஊன்றுபவரை உடனே இறக்கிவிடுங்கள்.

மீட்டர் முகப்பில். பேனல் பின் தெருப் பக்கம். இடையில் 60 மீட்டர். இன்வெர்ட்டரை எந்தப் பக்கம் மாட்டுவது?
– வாசகர், கோட்டையூர்

தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளுக்கே உரிய கேள்வி இது. மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பேனல் தரும் டிசியை (நேர்மின்னோட்டம்) வீட்டுக்கு வேண்டிய ஏசியாக (மாறுமின்னோட்டம்) மாற்றுவதுதான் இன்வெர்ட்டர். பேனலிலிருந்து அதுவரை உள்ள நீளத்தை டிசி கேபிள் தாங்கட்டும்.

கணக்கு இதுதான். ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் ஓடும்போது சுமார் 250 வோல்ட், 13 ஆம்பியர். போக வர 120 மீட்டர். 4 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 8 வோல்ட் போல இழப்பு, அதாவது 3 சதவீதம். 6 சதுர மி.மீ. போட்டால் 2 சதவீதம். அதையே போடுங்கள். மாறாக, இன்வெர்ட்டரைப் பின்கட்டில் வைத்து 4 சதுர மி.மீ. ஏசி ஒயரை முகப்புக்கு இழுத்தால் இழப்பு அதே 8 வோல்ட்தான், ஆனால் தொல்லை வேறு. மின்சாரத்தை மீட்டர் பக்கம் தள்ள இன்வெர்ட்டர் தன் முனையில் அந்த 8 வோல்ட்டைக் கூட்டியாக வேண்டும். மீட்டரில் 244 இருந்தால் இன்வெர்ட்டரில் 252. 253-ஐ ஒட்டினால் பல இன்வெர்ட்டர்கள் நின்றுவிடும் என்பதால் அடிக்கடி நின்றுபோகும்.

கேபிளை வளவுக்குள், ஓட்டுக்கு அடியில் மரச் சட்டங்களை ஒட்டிக் கொண்டுபோக வேண்டாம். டிசியில் தளர்ந்த இணைப்பு பொறி விட்டால் லேசில் அணையாது. பக்கத்தில் இருப்பது நூறு வருடம் காய்ந்த தேக்கு. சந்துப் பக்கச் சுவரின் வெளியே ஜிஐ குழாயில் வரட்டும். பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஆண் ஒரு கம்பெனி, பெண் ஒரு கம்பெனி என்று கலக்கக் கூடாது. பொருந்தும், டக்கென்ற சத்தமும் வரும். உள்ளே உலோகம் சரியாகத் தொடாமல் சூடேறி உருகும். மேலே எரிந்துபோகும் கனெக்டர்களில் பல இப்படிப்பட்டவை.

நல்ல வெயில் நேரம், 11 மணிக்கு மேல் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது. திரையில் 'கிரிட் வோல்டேஜ் அதிகம்' என்று வருகிறது. பேனல் கோளாறா?
– வாசகி, தேவகோட்டை

பேனல் மேல் பழி இல்லை, அம்மா. 230 வோல்ட்டுக்கு 10 சதவீதம் மேலே, 253-ஐ ஒட்டிப் பல இன்வெர்ட்டர்கள் தாமாக நின்றுவிடும். பகல் 12 மணிக்கு இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை மீட்டரில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தியபோதே 250-ஐ ஒட்டி இருந்தால் டிரான்ஸ்பார்மரில் சரிசெய்ய வேண்டிய விஷயம். மின்வாரியத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். நிறுத்தினால் 240, ஓடினால் 254 என்றால் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் மெலிசு, அல்லது எங்கோ முடிச்சு தளர்ந்திருக்கிறது. ஒயரை மாற்றினால் தீரும். இன்வெர்ட்டர் செட்டிங்கை ஏற்றிவிட்டுப் போகிறேன் என்று ஆள் வந்தால் சம்மதிக்காதீர்கள். அந்த வோல்டேஜ் உங்கள் ஃபிரிட்ஜுக்கும் போகும்.

மின் இணைப்பு இன்னும் காலமான எங்கள் ஐயா பெயரில் இருக்கிறது. வீடு நான்கு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பொது. மானியம் கிடைக்குமா?
– வாசகர், கண்டனூர்

கிடைக்கும், ஆனால் பெயரைச் சரிசெய்த பிறகு. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய். தேசிய இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துத்தான் விண்ணப்பம். இணைப்பு ஒருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு வேறொருவர் பெயரிலும் இருந்தால் பணம் சிக்கும். முதல் வேலையாக வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் வைத்து இணைப்பைப் பெயர் மாற்றுங்கள்.

பங்காளிகளிடம் கூரைக்கும் தனியாக ஒப்புதல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டின் மேல், எத்தனை சதுர அடி, கேபிள் எந்தச் சுவர் வழி, பின்னால் கூரை வேலை வந்தால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது என்று நான்கு வரி இருந்தால் போதும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடும் நாளில் எல்லோரும் ஊரில் இருப்பார்கள், அன்றே கையெழுத்தை முடித்துவிடலாம். இன்னொன்று: மானியம் பெற, சோலார் செல், பேனல் இரண்டுமே இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் 'டிசிஆர்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

நாங்கள் சென்னையில். கானாடுகாத்தான் வீடு வருடத்தில் பத்து நாள்தான் திறக்கும். 5 கிலோவாட் போட்டு வைக்கலாமா?
– வாசகர், சென்னை

போடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீட்டு இணைப்புக்கு இலவசம். பூட்டிய வீட்டில் அதற்கு மேல் ஓடாது. இல்லாத பில்லை எதைக் கொண்டு குறைப்பது? சோலார் காசு பார்ப்பது பில்லின் மேல் அடுக்கில்தான். இரண்டு மாதத்தில் 900 யூனிட் ஓடும் வீட்டுக்கு 6,000 ரூபாயை ஒட்டிப் பில் வரும். அதில் 500-க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்குக் குறையாது. 1 கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்றால் 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட்டைக் கழித்துவிடும். அந்த வீட்டுக்குத்தான் இது பொருந்தும். நீங்கள் வீட்டைத் திறக்கும் கல்யாண நாட்களுக்கு ஜெனரேட்டர் வாடகை மலிவு.

பகலில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே?
– வாசகி, காரைக்குடி

நிற்கத்தான் வேண்டும். லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கம்பிக்கு மின்சாரம் போனால் அவர் உயிர் போகும். அதனால் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர், வெளியே கரண்ட் இல்லையென்றால் தானாக அடங்கும். பேட்டரியோடு ஹைப்ரிட் போட்டால் ஓடும், விலை கூடும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் யுபிஎஸ் போதும்.

எங்கள் ஷெட் வடக்குப் பார்த்துச் சரிந்திருக்கிறது. தெற்குதான் பார்க்க வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், புதுவயல்

தெற்கு நல்லது. வடக்கு பாவமில்லை. காரைக்குடி 10 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி வரை உச்சிவெயில் வடக்கிலிருந்துதான் விழுகிறது. சரிவு 10 பாகைக்குள் இருந்தால் வருட உற்பத்தியில் குறைவது பத்துச் சதவீதத்துக்குள். அதைத் திருப்ப உயரமான இரும்பு கட்டுவது வீண். நிழலுக்குத்தான் பயப்பட வேண்டும். 4 அடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் மார்கழியில் காலை 9 மணிக்கு 6 அடியைத் தாண்டும். தகரத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல் கீழே அரை அடியாவது காற்றோட விடுங்கள். செல்லின் சூடு 25 டிகிரியைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும். பங்குனி மதியம் 65 டிகிரிக்கு ஏறினால் 14 சதவீதம் போச்சு.

செம்மண் புழுதியும் மயில் எச்சமும் தாங்கவில்லை. எப்படிக் கழுவுவது?
– வாசகி, ஆத்தங்குடி

காலை 7 மணிக்குள், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது. மதியச் சூட்டில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். புழுதிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். எச்சம் விழுந்தால் காத்திருக்க வேண்டாம்: அது மூடிய செல் மின்சாரம் தராமல் சூடாகும், நாளடைவில் கருகும். ஈரத்துணி போட்டு ஊறவிட்டுத் துடையுங்கள், சுரண்டாதீர்கள். உப்புத் தண்ணீர் போர் என்றால் கழுவிய கையோடு ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள். காய்ந்தால் வெள்ளைப் படலம் பிடிக்கும், பிறகு எதற்கும் போகாது. முற்றத்து அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது.

மூன்று எர்த் குழி தோண்ட வேண்டும் என்கிறார்கள். ஒன்று போதாதா?
– வாசகர், கொத்தமங்கலம்

போதாது. இடிதாங்கிக்கு ஒன்று, பேனலும் ஸ்ட்ரக்சரும் சேர்ந்து ஒன்று, இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்துக்கு ஒன்று. இடிதாங்கியின் கம்பியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளிச்சுவர் வழியே, கூர்மையாக மடக்காமல் நேராக இறக்க வேண்டும். நம் பக்கத்துச் செம்புறாங்கல் பூமி கோடையில் காய்ந்தால் மின்சாரத்தை எளிதில் இழுக்காது. கம்பியை அடித்துவிட்டுப் போனால், மழைக்காலத்தில் சரியாக இருக்கும் எர்த்தின் மின்தடை (ஓம் கணக்கு) சித்திரையில் இரண்டு மூன்று மடங்கு ஏறும். குழியைச் சுற்றி, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் கலவை நிரப்பி, மேலே மூடியோடு தொட்டி வைத்து, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் விடுங்கள். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால்தான் கடைசித் தவணைப் பணம்.