கேள்வி-பதில்: காபி அஞ்சு டாலர், டிப்ஸ் எவ்வளவு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காபிக் கடைச் சமாச்சாரம். ஊர் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: கொடுக்கணுமா, கொடுத்தால் யார் கைக்குப் போகும்? அஞ்சு கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பெண் வீட்டுக்கு ஃப்ரீமான்ட் வந்திருக்கிறோம். காலை நடைக்குப் போகிற வழியில் ஒரு காபிக் கடை. கார்டைக் காட்டியதும் கவுன்ட்டரில் இருக்கிற பெண் டேப்லெட்டை என் பக்கம் திருப்புகிறாள். 18, 20, 25 சதவீதம் என்று மூன்று கட்டம். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். பதற்றத்தில் 20-ஐ அமுக்கிவிட்டு வந்தேன். மாப்பிள்ளை, "நின்னுகிட்டு வாங்குற காபிக்கு எதுக்கு மாமா?" என்கிறார். பெண், "ஒரு டாலர்கூடப் போடலைன்னா அசிங்கம்ப்பா" என்கிறாள். யார் சொல்வது சரி? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: நான் மாப்பிள்ளை கட்சி. பெண்ணிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டலையும் கவுன்ட்டர் காபியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. மத்திய அரசின் சட்டப்படி, டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-லிருந்து அந்தத் தொகை அசையவே இல்லை. டிப்ஸோடு சேர்த்தும் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் தேறவில்லை என்றால்தான் மிச்சத்தை முதலாளி போட வேண்டும். அதனால்தான் அங்கே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் சர்வரின் கூலியில் கைவைத்த மாதிரி பார்க்கிறார்கள். 18, 20 சதவீதம் என்ற வழக்கம் அந்த மேஜைக்கு உரியது. டேப்லெட் வந்தபோது அதுவும் கூடவே கவுன்ட்டருக்கு ஏறிவிட்டது.

நீங்கள் இருப்பதோ கலிஃபோர்னியா. அங்கே டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கச் சட்டம் விடாது. 2025-ல் மாநிலக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். நாடு முழுக்க 60 கிளையாவது வைத்திருக்கிற துரித உணவுச் சங்கிலிகளில் 2024 ஏப்ரல் முதல் 20 டாலர். அந்த ஊர் வீட்டு வாடகைக்கு முன்னால் இது எந்த மூலைக்கு என்பது வேறு கதை. ஆனால் நீங்கள் எந்தக் கட்டத்தை அமுக்கினாலும் அந்தப் பெண்ணின் மணிக்கூலி குறையாது.

பின்னால் நின்ற நாலு பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பியூ ஆய்வு மையம் 2023-ல் கிட்டத்தட்ட 12,000 அமெரிக்கர்களிடம் கேட்டது. உட்கார்ந்து சாப்பிட்டால் எப்போதும் அல்லது பெரும்பாலும் டிப்ஸ் வைப்போம் என்றவர்கள் 92 சதவீதம். காபி வாங்கும்போது? 25. ஆக, உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்ற நாலு பேரில் மூன்று பேர் வழக்கமாகப் போடாதவர்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் என்ன அமுக்குகிறீர்கள் என்று எட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, அவர்களுக்குக் காபி வேண்டும்.

என் கணக்கைக் கேட்டால்: ஏற்கெனவே வடித்து வைத்த காபியைக் கப்பில் ஊற்றிக் கொடுத்தால் ஒன்றும் வேண்டாம். பால் நுரைத்து, ஓட்ஸ் பால், சர்க்கரை பாதி, சூடு அதிகம் என்று நாலு நிபந்தனை போட்டு வாங்கினால் ஒரு டாலர். குடும்பமே போய் ஆறு பானம் சொன்னால் ரெண்டு, மூன்று டாலர். தினமும் போகிற கடை என்பதால் வாரத்தில் ஒருநாள் ஒரு டாலர் போட்டு வையுங்கள். மூன்றாவது வாரம் உங்களைப் பார்த்ததுமே கப்பை எடுத்துவிடுவாள். திரையில் அடியில் சின்ன எழுத்தில் "நோ டிப்" என்று இருக்கும், பக்கத்திலேயே நாமே தொகை போடுகிற "கஸ்டம்" கட்டமும் இருக்கும். அந்த மூன்று சதவீதங்களையும் வைத்தது அவளில்லை, கடைக்காரர். திருப்பிவிட்டு அவள் பெரும்பாலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள், கவனித்துப் பாருங்கள். அதுவும் ஒரு மரியாதைதான்.

போட்ட காசு அவளுக்குப் போகுமா என்றால், கலிஃபோர்னியாவில் போக வேண்டும். முதலாளி அதில் கைவைக்கக் கூடாது. கார்டு கட்டணத்தைக்கூட அதிலிருந்து கழிக்க முடியாது. அடுத்த சம்பள நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஷிஃப்ட் சூப்பர்வைசர் பங்கு வாங்கலாமா என்பதில் மட்டும் பெரிய சண்டையே நடந்தது. ஸ்டார்பக்ஸ் சூப்பர்வைசர்கள் டிப்ஸ் டப்பாவில் பங்கெடுத்தது தப்பு என்று சான் டியாகோ நீதிமன்றம் ஒன்று 2008-ல் 10 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரச் சொன்னது. அடுத்த வருடமே மேல்முறையீட்டில் அது ரத்தானது. அவர்களும் கூடவே நின்று காபி போடுகிறவர்கள், டப்பாவில் விழுவது எல்லோருக்கும் சேர்த்து விழுவது என்பது மேல்கோர்ட்டின் கருத்து.

கேள்வி: அண்ணா நகரில் ஒரு கஃபே. ரெண்டு காபி 560 ரூபாய். பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 56 ரூபாய், அதற்கும் சேர்த்து ஜிஎஸ்டி 30.80, மொத்தம் 646.80. எடுக்கச் சொன்னேன். "சிஸ்டத்துலயே வருது மேடம், எடுக்க முடியாது" என்றார்கள். கொடுத்துவிட்டு வந்தேன். சரியா? – வாசகி, முகப்பேர்

பதில்: சரியில்லை. சிஸ்டம் தானாகச் சேர்க்கவில்லை, யாரோ சேர்க்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று கொடுத்த வழிகாட்டு நெறிகள் தெளிவாக இருக்கின்றன. சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. கொடுக்க மறுத்தால் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லக் கூடாது. சாப்பாட்டு விலையோடு அதைக் கூட்டி மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடவும் கூடாது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதத்தில் தடை வாங்கின. 2025 மார்ச் 28-ல் நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட ரெண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. சங்கங்கள் மேல்முறையீடும் செய்திருக்கின்றன. கவுன்ட்டரில் இந்தப் பேச்சு வந்தால் நீங்கள் சொல்ல வேண்டியது மார்ச் தீர்ப்பைத்தான்.

உங்கள் பில் எப்படி வந்திருக்க வேண்டும்? 560-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 28 ரூபாய், மொத்தம் 588. உங்களிடம் 58.80 அதிகமாக வாங்கியிருக்கிறார்கள். அதில் 2.80 சர்வீஸ் சார்ஜுக்கான வரி. டிப்ஸுக்கு வரி கட்டிய ஆள் நீங்கள்!

அடுத்த முறை பில் கொண்டுவருகிற தம்பியிடம் சண்டை போடாதீர்கள், அவரால் எடுக்க முடியாது. மேனேஜரைக் கூப்பிட்டு, "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் குடுங்க" என்று ஒருமுறை, குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு, வெளியே வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் எழுதலாம். உங்களிடம் பழைய பில் இருந்தால் இப்போதுகூடப் புகார் கொடுக்கலாம்.

சார்ஜை எடுக்க வைத்த பிறகு நான் அந்தத் தம்பி கையில் முப்பது ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். பில்லில் ஏறுகிற பத்து சதவீதம் அவர் கைக்கு எத்தனையாக இறங்குகிறது என்று நமக்குக் காட்டுகிறவர் யாருமில்லை.

கேள்வி: அக்கா, லண்டனில் முதுகலை படிக்கிறேன். வாரம் இருபது மணி நேரத்துக்குள் ஒரு காபிக் கடையில் வேலை. கார்டில் வரும் டிப்ஸில் மேனேஜர் பத்து சதவீதத்தை "மெஷின் செலவு" என்று பிடிக்கிறார். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம்.

பதில்: பிரிட்டனில் டிப்ஸ் பங்கீட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வருமான வரி போன்ற சட்டப்படியான பிடித்தம் தவிர எதையும் கழிக்காமல் முழு டிப்ஸும் தொழிலாளிக்குப் போக வேண்டும். கார்டு மெஷின் செலவு முதலாளியுடையது. வாடிக்கையாளர் கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் பட்டுவாடா ஆக வேண்டும். டிப்ஸ் வழக்கமாக வருகிற கடையில் எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், மூன்று வருடக் கணக்கும் இருக்க வேண்டும்.

"பத்து சதவீதம் ஏன்?" என்று ஆரம்பிக்காதே. "நம்ம கடை டிப்ஸ் பாலிசி எழுத்துல இருக்கா, நான் படிக்கலாமா?" என்று கேள். புதிதாகச் சேர்ந்தவர் கேட்கிற சாதாரணக் கேள்விதான் இது. ஆனால் பதில் சொல்ல அவர் சட்டத்தைத் திறந்து பார்த்தாக வேண்டும். தீர்வு வராவிட்டால், வேலையிடத் தகராறுகளுக்கு வழிசொல்கிற ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். ஷிஃப்ட் தேதி, கார்டு டிப்ஸ் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் இன்றிலிருந்தே எழுதி வா.

கேள்வி: கோவையில் ஒரு கஃபேயில் வேலை பார்க்கிறேன். ஒரு அமெரிக்கானோவை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர்கள், விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்கள், பணத்தைக் கையில் தராமல் மேஜையில் தூக்கிப் போடுகிறவர்கள். "சிரிச்சுக்கிட்டே இரு" என்கிறார் மேனேஜர். வாடிக்கையாளர்கள் உங்கள் பத்தியைப் படிக்கிறார்கள், அவர்களுக்கு ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: சொல்கிறேன். கல்லூரி முடித்த வருடம் பதினோரு மாதம் நானும் அந்தக் கவுன்ட்டரில் நின்றிருக்கிறேன். பால் நுரைக்கிற குழாயின் ஆவி பட்ட தழும்பு இடது மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது. சரியாக நுரைக்கும்போது பால் காகிதம் கிழிகிற மாதிரி மெல்லச் சத்தம் போடும். கீச்சென்று கத்தினால் குழாய் எங்கேயோ தப்பாக இருக்கிறது. அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் பின்னாலிருந்து விரல் சொடுக்குவார்கள். திரும்பினால் பால் போச்சு, திரும்பாவிட்டால் மேனேஜரிடம் புகார்.

அங்கே டிப்ஸுக்கு ஒரு பழைய தேன் பாட்டில் இருந்தது. கடை மூடியதும் ட்ரேயைக் கவிழ்த்து அதன்மேல் கொட்டி எண்ணுவோம். ஒருநாள் 140 ரூபாய், அஞ்சு பேர், ஆளுக்கு 28. மேனேஜர் அதிலிருந்து உடைந்த கப்புக்கு என்று ஐம்பதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிரித்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்குக் கப்பை உடைத்தது ஒரு வாடிக்கையாளரின் குழந்தை. பிரிட்டன் மாதிரி டிப்ஸுக்கென்றே தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால் 2016-ல் ஒரு வருமான வரி வழக்கில், ஓட்டல் ஊழியருக்கு வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முதலாளி கொடுக்கிற சம்பளமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்பளமே இல்லை என்கிறபோது அதில் கப்புக்குப் பிடித்தம் எங்கிருந்து வந்தது என்று இப்போது கேட்கத் தெரிகிறது. அன்று தெரியவில்லை.

வாசகர்களுக்கு: லேப்டாப்போடு உட்காருவது தப்பில்லை, அதற்காகத்தான் பிளக் பாயின்ட் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சொல்லுங்கள். சாயங்காலம் கூட்டம் நிற்கும்போது நாலு பேர் மேஜையைத் தனியாளாகப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். கூப்பிட விரல் எதற்கு? "தம்பி", "ஏங்க", "அண்ணா" என்று நம்மிடம் வார்த்தையா பஞ்சம்? பணத்தைக் கையில் கொடுங்கள்.

உங்களுக்கு: துணிக்கடைகளில் நாளெல்லாம் நிற்கிற ஊழியர்களை மனத்தில் வைத்து, பணியிடத்தில் உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. அதைச் சொல்லிக் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கேளுங்கள். சிரிப்பை ஸ்டூல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மாம்பலத்தில் வழக்கமாகப் போகிற ஓட்டலில் டிபனும் ஃபில்டர் காபியும். முன்பெல்லாம் மீதிச் சில்லறையைச் சோம்புத் தட்டிலேயே விட்டுவிட்டு வருவேன். இப்போது ஜிபே. சில்லறையே வருவதில்லை. சர்வர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. – வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: க்யூஆர் கோடு வந்ததில் நம்மூர் சர்வருக்கு நேர்ந்த நஷ்டம் இதுதான். ஐம்பத்தேழு ரூபாய் பில்லுக்கு அறுபது வைத்துவிட்டு எழுந்த காலத்தில் நாம் டிப்ஸ் கொடுத்ததாகவே நினைக்கவில்லை, மூன்று ரூபாயை எடுக்க மறந்தோம், அவ்வளவுதான். ஜிபே எதையும் மறப்பதில்லை.

பில்லோடு சேர்த்து அதிகமாக ஜிபே செய்யாதீர்கள், அது கல்லாவுக்குத்தான் போகும். சர்வரின் சொந்த எண்ணைக் கேட்பதும் சங்கடம், வேலை நேரத்தில் போனை வைத்திருக்க விடாத ஓட்டல்கள் உண்டு. பர்ஸில் பத்து ரூபாய் நோட்டு அஞ்சாறு தனியாக வைத்துக்கொண்டு கையில் கொடுங்கள். டோக்கன் வாங்கி நின்று குடிக்கிற காபிக் கடையில் இதெல்லாம் தேவையில்லை. ஆனால் டிகாஷன் இறக்கி, ஆற்றி, நுரையோடு டபராவில் தருகிற மாஸ்டருக்கு எந்தக் கடையிலும் டிப்ஸ் போய்ச் சேருவதில்லை என்பது என் பழைய குறை. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அவர் கையிலும் நூறு ரூபாய் வையுங்கள்.

நோட்டு கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் நாணயம் கொடுக்கலாம். செல்லாது என்று சொல்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன, ரிசர்வ் வங்கி 2018-லேயே பதினாலு வடிவங்களும் செல்லும் என்று அறிவித்துவிட்டது. சர்வர் யாரும் இதுவரை என்னிடம் அதைத் திருப்பித் தந்ததில்லை.