தப்பாக வாசிக்க முடியாத கருவி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்னணு இசைக்கருவிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் தங்கைக்குப் பிறவியிலிருந்தே பெருமூளை வாதம். விரல்கள் சொன்னபடி கேட்காது. இடது கையை மட்டும் ஓரளவு வீசி அசைப்பாள். அவளுக்காக ஒரு செயலி வாங்கினோம். திரையில் எங்கே தட்டினாலும் பின்னணி இசைக்குப் பொருந்தும் ஸ்வரம்தான் வரும். முதல் நாள் வீடே கொண்டாடியது. பத்தாம் நாள் அதைத் தொடவே மறுத்துவிட்டாள். "நான் வாசிக்கவில்லை, அதுவே வாசித்துக்கொள்கிறது" என்கிறாள். அவளுக்குத்தான் பொறுமை இல்லையா, கருவியில் குறையா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் தங்கைக்கு நல்ல காது இருக்கிறது. பொறுமையைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள்.

ஒரு கருவியை வாசிப்பதில் இரண்டு கஷ்டங்கள் உண்டு. ஒன்று உடம்பின் கஷ்டம்: கம்பியை அழுத்துவது, வில்லைப் பிடிப்பது. மற்றது இசையின் கஷ்டம்: எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக. முதலாவதை நீக்குவது மின்னணுவியலால் முடியும், நீக்கவும் வேண்டும். ஆனால் இரக்க மிகுதியால் வடிவமைப்பாளர்கள் இரண்டையும் சேர்த்தே பிடுங்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது பொம்மை. (அப்படிப் பொம்மை செய்வது சுலபம் என்பதும் ஒரு காரணம்.)

இதற்கு நேர்மாறான உதாரணம் தெரமின் என்ற மின்னணுக் கருவி. 1920 வாக்கில் ரஷ்யரான லியோன் தெரமின் உருவாக்கியது. தொடவே வேண்டாம், ஒரு கை ஒரு ஆண்டெனாவை நெருங்கினால் சுருதி ஏறும், மறு கை இன்னொன்றில் ஒலியளவைக் கட்டுப்படுத்தும். வயலின் மேதையாக வளர்ந்துவந்த கிளாரா ராக்மோர் கைக்கோளாறு காரணமாக வயலினைக் கைவிட்டு இதற்கு வந்தார். உடம்புக்கு இது இதமான கருவி, இசைக்கோ கொடூரமானது. விரல் வைக்க இடம் இல்லை, இம்மி அசைந்தாலும் அபஸ்வரம். அவர் காற்றிலேயே ஒரு விரலடவு முறையை உண்டாக்கிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை, கருவியையும் மாற்றச் சொன்னார். மூன்று ஸ்தாயி இருந்தது ஐந்தாயிற்று, ஒலி இன்னும் விரைவாகக் கைக்குப் பணிந்தது. வாசிப்பவர் குறை சொல்ல, செய்தவர் திருத்தினார். இன்று பல கருவிகளில் நடக்காதது இதுதான்.

உங்கள் தங்கைக்குக் கை வீச்சு இருக்கிறது அல்லவா, அது போதும். நடனக் கலைஞர்களுக்காக 1980களில் உருவான சவுண்ட்பீம் என்ற கருவி, காதுக்குக் கேட்காத மீயொலி அலைகளால் அசைவின் தூரத்தை அளந்து ஒலியாக்குகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் தொடங்கிவைத்த அவுமி என்ற மென்பொருள் கேமரா வழியாக அசைவைப் பின்தொடர்கிறது; அது இலவசம். எதை எடுத்தாலும் தங்கையின் கை வீச்சின் இரு முனைகளையும் அளந்து, அந்த அளவுக்குள் முழு ஸ்தாயியும் அடங்கும்படி அமைத்துக் கொடுங்கள். தொடக்கத்தில் ஐந்து ஸ்வரங்களோடு நிறுத்திக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் கை வேகமாக வீசினால் ஒலி ஓங்க வேண்டும், மெல்ல வீசினால் அடங்க வேண்டும். உங்கள் செயலியில் அது இல்லை என்று நினைக்கிறேன். "அதுவே வாசித்துக்கொள்கிறது" என்ற புகாரின் வேர் அங்கேதான்.

இன்னொன்று தாமதம். அசைவுக்கும் ஒலிக்கும் நடுவே 10 மில்லிசெகண்ட் என்றால், ஒலிபெருக்கியிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம், சமாளிக்கலாம். ப்ளூடூத் ஹெட்போன் மாட்டினால் அது பல மடங்காகும், தாளம் கைநழுவிவிடும். கம்பி உள்ள ஹெட்போனே நல்லது.

பார்வையற்ற வாசிப்பாளர்களின் கதை வேறு. அவர்களுக்கு எதிரி, சின்னத் திரைக்குள் ஏழு அடுக்கு மெனு. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு என் சிந்தசைசரில் ஒலியை மாற்ற முயன்றேன். முடிவில்லாமல் சுழலும் குமிழ், எங்கே நிற்கிறோம் என்று விரலுக்குச் சொல்லவே இல்லை. பழைய மாதிரிக் குமிழில் முள் இருந்தது, தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பேன்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். அந்தச் செயலியின் அமைப்புகளில் ஸ்வரங்களைக் கட்டுப்படுத்தும் பகுதி இருந்தால் அதை அணைத்து, பின்னணி இசையையும் நிறுத்திவிட்டுத் தங்கையிடம் கொடுங்கள். சில வாரங்கள் நாராசமாகத்தான் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு போய்விடாதீர்கள்.