காசு மீனுக்கா, படகுக்கா?

கே: மகன் அமெரிக்காவில் போர்ட்லாண்டில் இருக்கிறான். ஆகஸ்டில் நானும் மனைவியும் போகிறோம். கொலம்பியா ஆற்றில் கைடு வைத்து கிங் சால்மன் பிடிக்கலாம், ஆளுக்கு 250 டாலர் என்கிறான். மீன் மாட்டாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? பேசாமல் அலாஸ்காவுக்கே போய்விடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை

ப: கிடைக்காது சார். படகுக்கும், விடிகாலை நாலரைக்கு எழுந்து வரும் அந்த ஆளுக்கும்தான் காசு, மீனுக்கு இல்லை. வெறுங்கையோடு திரும்பும் நாளும் உண்டு, அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டு போங்கள். ஆனால் ஒன்றை முன்பணம் கட்டும்போதே கேட்டுவிட வேண்டும்: ஆற்றில் மீன்பிடிப்பை அரசு திடீரென்று மூடினால் பணம் என்ன ஆகும்? ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஓரிகன், வாஷிங்டன் மாநில அரசுகள் எவ்வளவு மீன் பிடிபட்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, சீசன் நடுவிலேயே விதியை மாற்றுவார்கள். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, முன்பணம் வாங்கியவர் 'அடுத்த வருஷம் வாங்க' என்றதோடு சரி.

அலாஸ்கா ஆசை நியாயம்தான். 1985இல் கெனாய் ஆற்றில் லெஸ் ஆண்டர்சன் என்பவர் 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 44 கிலோ எடையுள்ள கிங் சால்மனைத் தூண்டிலில் பிடித்தார், இன்றுவரை அதுதான் உலக சாதனை. ஆனால் அதே கெனாயில் மீன் வரத்து குறைந்துபோய் 2023, 2024இல் கிங் சால்மன் பிடிக்கவே தடை போட்டார்கள். யூகான் ஆற்றில் இன்னும் மோசம், 2024இல் அலாஸ்கா மாநிலமும் கனடாவும் சேர்ந்து ஏழு வருஷத்துக்கு நிறுத்திவிட்டன. கடலிலிருந்து முட்டையிட ஆறு ஏறி, இட்டதும் செத்துப்போகிற மீன் இது, ஒரு தலைமுறை தவறினால் அடுத்தது அந்த அளவுக்குக் குறையும். அதனால் பழைய போட்டோவைக் காட்டி ஆள் பிடிக்கும் விளம்பரத்தை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஆகஸ்டுக்கு அஸ்டோரியா பக்கம், கொலம்பியா கடலில் கலக்கும் இடம்தான் சரி. ஆற்றில் மேலே ஏற ஏற இந்த மீன் இரை எடுப்பதையே விட்டுவிடும், முகத்துவாரத்தில்தான் இன்னும் கொஞ்சம் பசி மிச்சமிருக்கும். ஓதம் ஏறும் நேரம் பார்த்துப் படகை மெதுவாக ஓட்டி, பளபளவென்று சுழலும் ஒரு தகட்டுக்குப் பின்னால் நெத்திலியோ ஹெர்ரிங் என்ற சின்ன மீனோ கோத்து இழுப்பார்கள். கம்பு நுனி ரெண்டு தடவை தலையாட்டும். அப்போது கை பரபரக்கும் பாருங்கள், இழுக்கவே கூடாது! நம் ஊர் ஏரியில் தக்கை அமுங்கியதும் சுண்டிப் பழகிய கை எனக்கு, வெடுக்கென்று சுண்டினேன், இரை மட்டும் வந்தது, கைடு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொடுகிற வரை பொறுத்து, அதற்கப்புறம்தான் கையில் எடுக்க வேண்டும்.

மீன் பக்கத்தில் வந்ததும் வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் குட்டித் துடுப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது வெட்டப்பட்டிருந்தால் பண்ணையில் பொரித்து ஆற்றில் விட்ட மீன். முழுசாக இருந்தால் பெரும்பாலும் ஆற்றிலேயே பிறந்தது, அதை வைத்துக்கொள்ளக் கூடாத நாட்களில் தண்ணீரிலேயே தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும். ஈறு கறுப்பாக இருந்தால் கிங், வெளுப்பாக இருந்தால் கோஹோ என்ற வேறு வகை சால்மன்.

லைசென்ஸும் சால்மனுக்கான டேக்கும் (பிடித்த மீனைப் பதியும் சீட்டு) உங்கள் பெயரில் தனித்தனியாக வேண்டும், மகனுடையது செல்லாது. டிப்ஸ் 15, 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள், அதையும் 250உடன் கூட்டிக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தில் படகு நன்றாகவே ஆடும், மனைவிக்கு வயிறு புரட்டுமென்றால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை.

கே: எங்கள் ஊர் மீன்கடையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
– வாசகி, தூத்துக்குடி

ப: இல்லவே இல்லை. அது நம் காலா மீன். ருசியில் குறையில்லை, பெயர் மட்டும்தான் கடன்.

கோவைக்காரருக்கு இன்னொன்று, மறந்துவிட்டேன். கரைக்கு வந்ததும் கைடு மீனைச் சதை மட்டும் சீவி பையில் போட்டுத் தருவார், தலையும் முள்ளும் கடல் காக்கைகளுக்குப் போய்விடும். கத்தியை எடுப்பதற்கு முன்பே 'தலை எங்களுக்கு' என்று சொல்லிவிடுங்கள், குழம்புக்கு அதுதான்.