கூடைப்பந்து: 15 வயது சென்டருக்கு லோ போஸ்ட் ஆட்டத்தை எப்படிச் சொல்லித்தருவது?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 15 வயது, உயரம் 6 அடி 2 அங்குலம். மண்டபம் பக்கம் ஒரு பள்ளிக் கூடைப்பந்து அணியில் சென்டராக (ரிங்குக்கு அருகில் ஆடும் நெட்டை ஆட்டக்காரர்) ஆடுகிறான். ரீபவுண்ட் (ரிங்கில் விழாமல் திரும்பும் பந்து) நன்றாக எடுப்பான். ஆனால் ரிங்குக்குப் பக்கத்தில் பந்தைக் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே திருப்பிக் கொடுத்துவிடுகிறான். லோ போஸ்டில், அதாவது ரிங்குக்கு அருகே அதற்கு முதுகைக் காட்டி நின்று, பாயின்ட் எடுக்க என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்:

உங்கள் மருமகனுக்கு இப்போதைக்கு ஷாட் எதுவும் சொல்லித்தர வேண்டாம். பந்து கைக்கு வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று விநாடிகளைச் சொல்லிக்கொடுங்கள். இந்தக் கரையோரப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து நான் பார்த்த நெட்டைப் பையன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பந்து வாங்குவார்கள். ரிங்கை விட்டு வெகுவாகத் தள்ளி, கால் இரண்டும் ஒட்டி, முதுகு நிமிர்ந்து நிற்பார்கள். அப்படி நிற்பவனிடம் பந்து வந்தால் திருப்பிக் கொடுப்பதுதான் சரியான முடிவு. அந்த வகையில் உங்கள் பையன் புத்திசாலித்தனமாகத்தான் ஆடுகிறான். அவன் நிற்கும் இடத்தையும் நிற்கும் விதத்தையும் மாற்றினால் போதும், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் துணிச்சல் தானாக வரும்.

இடத்திலிருந்து தொடங்கலாம். முதலில் அவன் பழகும் கோர்ட்டின் கோடுகளைப் போய்ப் பாருங்கள். 2010 வரை சர்வதேச விதிப்படி ரிங்குக்குக் கீழே இருந்த கட்டம் சரிவகமாக, எண்ட் லைனில் (ரிங்குக்குப் பின்னால் கோர்ட் முடியும் கோடு) 6 மீட்டர் அகலத்தில் இருந்தது. இப்போது அது 4.9 மீட்டர் அகலமுள்ள செவ்வகம். பழைய சிமென்ட் கோர்ட்டுகளில் இன்னமும் அந்தச் சரிவுக் கோடு அழியாமல் இருப்பதுண்டு. அதன் ஓரத்தில் நின்று பழகுகிற பையன் எண்ட் லைனை நெருங்க நெருங்க அரை மீட்டர் வரை தள்ளியே நிற்கப் பழகிவிடுவான். லோ போஸ்டில் அரை மீட்டர் என்பது ஒரு முழு டிரிபிள் (பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி நகர்வது). அப்படி இருந்தால் சுண்ணாம்பையோ பெயின்ட்டையோ வாங்கிப் புதுக் கோடு போட்டுவிடுங்கள். பிரீ த்ரோவுக்கு (பவுலுக்காகத் தடையின்றிப் போடும் ஷாட்) ஆட்கள் வரிசையாக நிற்கும் பக்கக் கோட்டில், எண்ட் லைன் பக்கமாக அடைத்து வரைந்த சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். அதை ஒட்டித்தான் அவன் வீடு.

ரிங்குக்குக் கீழே உள்ள பெரிய கட்டத்துக்குள் பந்து வைத்திருக்கும் அணிக்காரர் தொடர்ந்து மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதிக்குப் பயந்துதான் பல பையன்கள் வெளியே ஒதுங்கி நிற்கிறார்கள். ஒரு காலை மட்டும் கோட்டுக்கு வெளியே வைத்தால் கணக்கு நிற்காது, இரண்டு காலும் வெளியே ஊன்ற வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பயம் போய்விடும். உள்ளே நுழைந்து, டிஃபெண்டரை (தடுக்கும் எதிரணிக்காரர்) முதுகில் வாங்கி, பந்து வராவிட்டால் வெளியே வந்து, மறுபடி நுழைவது என்று ஒரு தாளம் பிடிபடும்.

அடுத்தது நிற்கும் விதம். பெரியபட்டினம், வேதாளைப் பக்கம் கரைவலை இழுப்பதை அவன் பார்த்திருப்பான். குதிகாலை மணலில் புதைத்து, முழங்கால் மடங்கி, இடுப்பைத் தாழ்த்தி, நெஞ்சை நிமிர்த்திப் பின்னால் நடப்பார்கள். போஸ்டில் நிற்க வேண்டியதும் ஏறக்குறைய அப்படித்தான்: தோளைவிட அகலமாகக் கால், டிஃபெண்டரின் இடுப்பைவிடத் தன் இடுப்பு கீழே. வித்தியாசம் ஒன்றே. வலை இழுப்பவர் கயிற்றை நம்பிப் பின்னால் சாயலாம். இவன் டிஃபெண்டரை நம்பிச் சாயக் கூடாது. அனுபவமுள்ள டிஃபெண்டர் சட்டென்று விலகிக்கொள்வான், இவன் மல்லாந்து விழுவான். எடை முழுவதும் தன் கால்களிலேயே இருக்க வேண்டும். முதுகு அவனைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும்.

அந்தத் தொடுதலுக்கு ஒரு பயிற்சி உண்டு. நான் வைத்திருப்பதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பையனை அந்தச் சின்னக் கட்டத்தருகே போஸ்ட் நிலையில் நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று முன்கையை அவன் முதுகில் வையுங்கள். மெல்ல இடப்பக்கம் நகருங்கள், பிறகு வலம், பிறகு விலகி நில்லுங்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் "மாமா, தெரியல" என்பான். கொஞ்ச நாளில் "கீழ்ப்பக்கம்", "நடுவுல", "ஆளையே காணோம்" என்று உடனுக்குடன் சொல்வான். அதன் பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லிப் பந்தைக் கொடுங்கள். டிஃபெண்டர் எந்தத் தோளில் இருக்கிறானோ அதற்கு எதிர்த் தோள் வழியாகத் திரும்ப வேண்டும் என்ற ஒரே விதிதான். ஆள் விலகி நின்றால் திரும்பி ரிங்கைப் பார்க்கலாம். போஸ்ட் ஆட்டத்தில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். முதுகால் படிக்கத் தெரிந்த பையனுக்கு மூவ் சொல்லித்தருவது சுலபம். அது தெரியாதவனுக்குப் பத்து மூவ் சொல்லிக்கொடுத்தாலும் ஆள் நிற்கும் பக்கமே போய் முட்டுவான்.

பந்து வாங்குவதில் இரண்டு விஷயம். டிஃபெண்டருக்கு எட்டாத கையை விரித்து இலக்குக் காட்ட வேண்டும். பந்து வரும்போது அதை நோக்கி ஒரு சின்ன எட்டு எடுத்து, இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி ஜம்ப் ஸ்டாப் செய்ய வேண்டும். அப்படி இறங்கினால் எந்தக் காலையும் பிவட்டாக (ஊன்றிச் சுழலும் கால்) வைத்துக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கும். பந்து தாடைக்குக் கீழே இருக்கட்டும், முழங்கைகள் விரிந்திருக்கட்டும். இடுப்புக்கு இறக்கினால் குள்ளமான கார்டு (வெளியே நின்று பந்தைக் கொண்டுவரும் ஆட்டக்காரர்) ஓடிவந்து தட்டிக்கொண்டு போய்விடுவான். பந்தைப் பிடித்ததும் தோள்வழியே ஒரு பார்வை. ஒட்டி நிற்கும் ஆள் இருக்கும்போது பந்தை வைத்துக்கொண்டு நிற்க 5 விநாடி உண்டு. பதினைந்து வயதுப் பையனுக்கு அது தாராளமான நேரம் என்பதைப் பழக்கத்தில் உணர்த்துங்கள்.

இப்போது மூவ். ஒன்று போதும், அதற்கு ஒரு மாற்று போதும். வலதுகைக்காரன் என்று வைத்துக்கொள்கிறேன். ரிங்கைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் இருக்கும் சின்னக் கட்டத்தில் அவனை நிறுத்துங்கள். இடது காலை நடுப்பக்கமாக எடுத்து வைத்து, இடது தோளை ரிங் பக்கம் திருப்பி, வலது கையால் குட்டி ஹூக் (கையை வளைத்துத் தலைக்கு மேலாகப் போடும் ஷாட்). டிஃபெண்டருக்கும் பந்துக்கும் நடுவில் அவனுடைய முழு உடம்பும் இருப்பதால் தடுப்பது கஷ்டம். இது கொஞ்சம் விழத் தொடங்கியதும் டிஃபெண்டர் நடுப்பக்கம் அடைக்க வருவான். அப்போது வலது காலைப் பின்னால் எண்ட் லைன் பக்கமாகப் போட்டு, டிஃபெண்டரின் காலுக்கு அப்பால் கொக்கி மாதிரி பதித்து, இரண்டு கையாலும் ஒரே ஒரு பலமான டிரிபிள், இரண்டு காலில் எழும்பி போர்டில் அடிப்பது. இதுதான் டிராப் ஸ்டெப். இந்த இரண்டையும் ஒரு சீசன் முழுக்க ஆடினாலே போதும். அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் கெவின் மெக்ஹேல் பேர் வாங்கிய அப் அண்ட் அண்டர், ஹூக் போடுவதுபோல் காட்டி, எழும்பியவனுக்கு அடியில் நுழைந்து போவது, ஹூக்கை எதிரணி நம்பத் தொடங்கிய பிறகுதான் வேலை செய்யும். அதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

தினமும் வேண்டியது மைக்கன் டிரில். ஜார்ஜ் மைக்கன் 6 அடி 10 அங்குலம், கண்ணாடி போட்டவர், நடையே தடுமாறும் பையனாக 1940களில் அமெரிக்காவின் டிபால் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ரே மேயர் என்ற பயிற்சியாளர் அவரைக் கயிறு தாண்டவும் குத்துச்சண்டை பழகவும் நடனம் ஆடவும் வைத்தார். ரிங்குக்குக் கீழே நின்று வலப்பக்கம் வலது கை, உடனே இடப்பக்கம் இடது கை என்று மாற்றி மாற்றிப் போடவைத்தார். பந்தைத் தோளுக்குக் கீழே இறக்கவே கூடாது, வலையிலிருந்து விழுவதை அப்படியே பிடித்து அடுத்த பக்கம் போக வேண்டும். அந்தப் பையன் பிறகு ஆடிய ஆட்டத்தைத் தாங்காமல் 1951ல் என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) கீழ்க்கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. காலில் தாளம் வராத நெட்டைப் பையனை யாராவது "இவன் தேற மாட்டான்" என்று சொன்னால் எனக்கு இவர்தான் ஞாபகத்துக்கு வருவார். என்.பி.ஏ. சென்டர் ஹக்கீம் ஒலாஜுவானும் நைஜீரியாவின் லாகோஸில் சிறுவயதில் கால்பந்து கோல்கீப்பராகவும் ஹேண்ட்பால் ஆட்டக்காரராகவும் இருந்தவர். போஸ்டில் அவருக்கு இணையான கால் வேலை அபூர்வம். உங்கள் மருமகன் சாயங்காலம் கடற்கரையில் கால்பந்து ஆடுகிறான் என்றால் தடுக்காதீர்கள்.

நம் பக்கத்துக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) அடிக்கும்போது பாம்பன், மண்டபத்துத் திறந்த கோர்ட்டுகளில் தூரத்து ஷாட் நேராகப் போவதில்லை. நல்ல கையுள்ள பையனுடைய பந்துகூட ரிங்குக்கு வெளியே விலகி விழும். கிட்டத்திலிருந்து போர்டில் அடிக்கிற பந்தைக் காற்று அவ்வளவாகத் தொடாது. போர்டில் வரைந்திருக்கும் 59 க்கு 45 செ.மீ. கட்டத்தின் மேல் மூலையைக் குறிபார்க்கப் பழக்குங்கள். இப்படி போர்டில் அடிப்பதையே கடைசிவரை தன் அடையாளமாக வைத்திருந்தவர் என்.பி.ஏ. ஆட்டக்காரர் டிம் டங்கன். அவரும் தீவுக்காரர், கரீபியனில் உள்ள செயின்ட் குரோய். நீச்சல் வீரராக இருந்தவர், 1989ல் ஹ்யூகோ புயல் அந்தத் தீவின் பெரிய நீச்சல் குளத்தை அழித்துவிட்டதால் பிறகு கூடைப்பந்துக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்பில்தான் ஆடத் தொடங்கினார், சான் அன்டோனியோ அணிக்காக ஐந்து என்.பி.ஏ. பட்டம் வென்றார். உங்கள் பையனுக்கு 15 வயதாகிவிட்டதே என்று கவலைப்படத் தேவையில்லை.

பயிற்சி தொடங்கும் முன் துடைப்பத்தால் கீழ்க்கட்டத்தைக் கூட்டிவிடுங்கள். காற்று கொண்டுவரும் மணல் சிமென்ட்டின் மேல் படிந்திருந்தால் பிவட் கால் வழுக்கும். வழுக்கும் என்ற நினைப்பு உடம்பில் ஏறிவிட்டால் பையன் இடுப்பைத் தாழ்த்தவே மாட்டான். ரிங்கின் போல்ட்டையும் பாருங்கள், உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துத் தளர்ந்துவிடும்.

இத்தனையும் செய்து பந்தே வராவிட்டால் பிரயோஜனம் இல்லை. பள்ளி அணிகளில் இதுதான் பெரிய குறை. கார்டுகளுக்கு போஸ்டுக்குப் பந்து போடத் தெரியாது. மேலே போடுவதுபோல் காட்டிக் கீழே தட்டிப் போடுவது, விங்கிலிருந்து (கோர்ட்டின் பக்கவாட்டு ஓரம்) ஓர் எட்டு கீழே இறங்கிக் கோணத்தை மாற்றிப் போடுவது, டிஃபெண்டர் முன்னால் வந்து மறைத்தால் தலைக்கு மேல் லாப் போடுவது, இவற்றை அவனோடு ஆடும் இரண்டு பேருக்காவது பழக்க வேண்டும். அவர்களுடைய பி.இ.டி. சாரிடம் பணிவாகக் கேளுங்கள். தினமும் கொஞ்ச நேரம் கார்டுகளும் சென்டரும் சேர்ந்து இதை மட்டும் பழகட்டும். பந்து கொடுத்த கார்டு அங்கேயே நிற்காமல் மூலைக்கு நகர வேண்டும். இரண்டு பேர் வந்து சென்டரை அடைத்தால் அந்த மூலைதான் அவனுக்கு வழி. அப்போது வெளியே கொடுப்பது பயத்தில் கொடுப்பதாக இருக்காது.

மூன்று பாயின்ட் காலத்தில் போஸ்ட் ஆட்டம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 2023ல் டென்வர் அணியை என்.பி.ஏ. பட்டம் ஜெயிக்கவைத்த நிக்கோலா யோகிச் ஆடுவதைப் பாருங்கள், முதுகைக் காட்டி நின்று ஆடும் ஆட்டம் அதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அதே சமயம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 6 அடி 2 அங்குலம் பள்ளி அளவில் சென்டர், மாநில அளவில் பெரியவர்கள் ஆட்டத்தில் அப்படி இல்லை. இன்னும் வளராவிட்டால் அவன் ரிங்கைவிட்டுச் சற்று வெளியே ஆடும் பார்வர்டாகத்தான் ஆட வேண்டியிருக்கும். இந்தக் கால் வேலை அங்கேயும் உதவும். கூடவே ரிங்கைப் பார்த்து நின்று ஓர் எட்டு வைத்துப் போகவும், பிரீ த்ரோ போடவும் இப்போதே பழகட்டும். போஸ்டில் ஆடுகிறவனுக்கு பவுல் நிறைய விழும், கோட்டில் நின்று பிரீ த்ரோவைத் தவறவிட்டால் இந்த உழைப்பெல்லாம் வீண்.

முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்பக்க எலும்பு மேட்டில் வலிக்கிறது என்று சொன்னால் சும்மா விடாதீர்கள். வேகமாக வளரும் வயதில், சிமென்ட் தரையில் குதிக்கும் பையன்களுக்கு இது வரும். டாக்டரிடம் காட்டுங்கள், குதிப்பதைக் குறைத்துவிட்டு அந்த நாட்களில் கண்மூடிப் பயிற்சியும் பிவட்டும் பாஸும் மட்டும் செய்யட்டும். வலியோடு ஓட்டியே ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அவன் எந்தக் கைக்காரன் என்று நீங்கள் எழுதவில்லை. இடதுகை என்றால் மேலே சொன்ன பக்கங்களையும் கால்களையும் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள், வலப்பக்கக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.