ஆர்.டி.எல். பார்த்து ஜெர்மன் பேசப் பழகலாமா?

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கணவரின் வேலைக்காக இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா, ஆர்.டி.எல். என்ற தனியார் டி.வி. சேனலைப் பார், பேச்சு தானாக வரும் என்கிறார். வகுப்பு ஆசிரியையோ அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ டி.வி. கட்டணம் கட்டுகிறோம். அப்புறமும் ஆர்.டி.எல். ஏன் தனியாகப் பணம் கேட்கிறது?"

பக்கத்து வீட்டு அம்மா மாலை நேர ஆர்.டி.எல்.லை மனதில் வைத்துச் சொல்கிறார். ஆசிரியை பிற்பகல் ஆர்.டி.எல்.லை நினைத்துச் சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இந்த சேனலை எப்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது வளர்ந்த கதையும் கடிகாரத்தை ஒட்டியதுதான்.

1984 ஜனவரி 2, மாலை 5.27 மணிக்கு 'ஆர்.டி.எல். பிளஸ்' என்ற பெயரில் லக்சம்பர்க்கிலிருந்து ஒளிபரப்பு தொடங்கியது. அதுவரை மேற்கு ஜெர்மனி வீடுகளில் ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். போன்ற பொதுச் சேனல்கள்தான். புதிய சேனலின் தலைவர் ஹெல்முட் தோமா, வியன்னாவில் பிறந்த வழக்கறிஞர். ஆளும் குறைவு, பணமும் குறைவு. இசட்.டி.எஃப். செய்தி 7 மணிக்கு வரும் என்பதால் இவர்கள் செய்தியை 6.53க்கே வைத்தார்கள். பெயரும் அதுவே: 'ஏழுக்கு ஏழு நிமிடம்'. நேருக்கு நேர் மோதாமல் கொஞ்சம் முந்திக்கொள்ளும் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 'ஆர்.டி.எல். அக்டூவெல்' செய்தி மாலை 6.45க்கு வருகிறது. அது முடியும் நேரத்தில்தான் இசட்.டி.எஃப். செய்தி தொடங்கும்.

1988-ல் சேனல் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வந்தது. 1989-ல் விம்பிள்டன் டென்னிஸ் ஒளிபரப்பு உரிமையை வாங்கிய ஆண்டே ஜெர்மன் வீரர்களான பெக்கரும் கிராஃபும் பட்டம் வென்றார்கள். 1991-ல் ஃபார்முலா 1 பந்தயங்களைத் தொடர்ந்து காட்டத் தொடங்கியபோது, கொலோனுக்குப் பக்கத்து ஊரான கெர்பனில் வளர்ந்த ஷூமாக்கர் அதே ஆண்டு முதல் பந்தயம் ஓட்டினார். அதிர்ஷ்டமும் உண்டு, ஆனால் அதிர்ஷ்டம் வந்த நேரத்தில் கேமராவோடு அங்கே நின்றிருந்தார்கள். 1992-ல் பெயரிலிருந்து 'பிளஸ்' போயிற்று. 1993-ல் நாட்டிலேயே அதிகம் பார்க்கப்படும் சேனல் ஆனது. புழு மீனுக்குப் பிடிக்க வேண்டும், தூண்டில்காரனுக்கு அல்ல என்பது தோமாவின் புகழ்பெற்ற வாக்கு. 14 முதல் 49 வயது வரை உள்ளவர்களே முக்கியப் பார்வையாளர்கள் என்று விளம்பரதாரர்களை நம்ப வைத்தவரும் அவர்தான்.

இதையெல்லாம் குப்பை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. திரைப்பட இயக்குநரும் எழுத்தாளருமான அலெக்சாண்டர் க்ளூகேயின் நீண்ட உரையாடல்கள் பல ஆண்டுகள் இரவு நேரத்தில் வந்ததும் இதே சேனலில்தான். தனியார் சேனல் வெளியாருக்கும் நேரம் ஒதுக்க வேண்டும் என்ற உரிம நிபந்தனையின் பலன் அது.

சரி, உங்கள் பி1க்கு வருவோம். திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 7.40க்கு வரும் 'கூட்டெ ட்ஸைட்டன், ஷ்லெஷ்டெ ட்ஸைட்டன்' தொடரைத்தான் முதலில் சொல்வேன். 'நல்ல காலம், கெட்ட காலம்' என்று பொருள். 1992 மே 11 முதல் ஓடுகிறது. மூலக்கதை ஆஸ்திரேலியாவிலிருந்து நெதர்லாந்து வழியாக வந்தது. கதை நடப்பது பெர்லினில். வாடகை, வேலை, சண்டை, சமாதானம் என்று நீங்கள் நாளைக்கே பேச வேண்டிய பேச்சுகள்தான் அதில் வரும். நேற்று நடந்ததை இன்று இரண்டு பேராவது வேறு வார்த்தையில் திரும்பச் சொல்வார்கள். கதை விரும்பிக்கு அது அலுப்பு, மொழி படிப்பவருக்கு வரம்.

பாடப்புத்தகம் கைவிடும் ஓர் இடத்தில் இந்தத் தொடர் கைகொடுக்கும். 'டோக்', 'மால்', 'ஹால்ட்' என்று வாக்கியத்தின் நடுவில் சின்னச் சொற்கள் வந்துகொண்டே இருக்குமே, கவனித்தீர்களா? அகராதியைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். தமிழ்க் காதால் கேளுங்கள். 'டோக்' பல இடங்களில் நம் 'தானே'. 'கொம் மால்' என்றால் 'கொஞ்சம் வாயேன்'. 'ஹால்ட்' என்பது 'என்ன செய்ய, அப்படித்தான்' என்ற பெருமூச்சு. தொனியோடு கேட்டால்தான் இவை நாக்கில் ஏறும்.

இன்னொன்று, 1999 முதல் குந்தர் யாவ்க் நடத்தும் 'வேர் விர்ட் மில்லியோனேர்'. 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' பார்த்திருந்தால் விதிகள் உங்களுக்குப் புதிதில்லை. கேள்வியும் நான்கு விடைகளும் எழுத்தில் நிற்கும், அவர் வாய்விட்டும் படிப்பார். பெரும்பாலும் திங்கட்கிழமை இரவு 8.15க்கு வரும். 8.15 ஏன் என்றால், ஏ.ஆர்.டி.யின் 8 மணிச் செய்தி முடிந்த பிறகுதான் ஜெர்மனி படம் பார்க்க உட்காரும். 90களில் சாட்.1 என்ற இன்னொரு தனியார் சேனல் 8 மணிக்கே நிகழ்ச்சியைத் தொடங்கிப் பார்த்தது. பழக்கம் மாறவில்லை, சேனல்தான் திரும்பி வந்தது.

ஆசிரியை பயப்படுவதிலும் நியாயம் உண்டு. 2009 வாக்கில் பிற்பகலில் நிஜக் குடும்பங்களைப் படம்பிடித்ததுபோல் சில நிகழ்ச்சிகள் வரத் தொடங்கின. கத்தல், அழுகை, போலீஸ் எல்லாம் இருக்கும். அவை எழுதி நடிக்க வைத்தவை. கதையும் ஆட்களும் கற்பனை என்ற வரி முடிவில்தான் ஓடும். புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்து ஜெர்மன் வீடுகள் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பேசும் மொழியையும் கடையிலோ அலுவலகத்திலோ பேசிவிட முடியாது.

அடுத்து பணம். நீங்கள் கட்டும் 18.36 யூரோ ஒரு வீட்டுக்கு ஒன்று என்ற பொது ஒலிபரப்புக் கட்டணம். 2021 ஆகஸ்டில் இந்தத் தொகைக்கு வந்தது. டி.வி. பெட்டி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். அது போவது ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப்., பொது வானொலிகளுக்கு. ஆர்.டி.எல்.லுக்கு அதில் பங்கில்லை, விளம்பரமும் சந்தாவும்தான் அதன் வருமானம். முன்பு கேபிள் செலவை வீட்டுக்காரர் வாடகையோடு சேர்த்து வாங்கலாம். 2024 ஜூலை 1 முதல் அந்த வழி இல்லை. வாடகையோடு வரும் உங்கள் துணைச்செலவுக் கணக்கில் இன்னும் கேபிளுக்கென்று ஒரு தொகை இருந்தால் வீட்டு நிர்வாகத்திடம் கேளுங்கள். ஆன்டெனாவில் பொதுச் சேனல்கள் இலவசம், ஆர்.டி.எல்.லுக்குக் கட்டணம். டிஷ்ஷில் எச்.டி. தரத்துக்குப் பணம் உண்டு. 'ஆர்.டி.எல். பிளஸ்' செயலி தனிச் சந்தா. பழைய பெயரை 2021 நவம்பரில் செயலிக்கு வைத்துவிட்டார்கள்.

தேர்வு வரைக்கும் செயலியில் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள், வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். வாரத்துக்கு நான்கு நாள், 6.45 செய்தியும் 7.40 தொடரும் போதும். விளம்பர இடைவேளையில் ஒலியை நிறுத்திவிட்டு, கடைசிக் காட்சியில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று வாய்விட்டு ஜெர்மனில் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த ஓர் ஆள் கிடைப்பார்.