கேபிள் இழுக்கும் வேலையா இது?

வணக்கம் ஐயா. "நெட்வொர்க் வேலைக்குப் போகிறேன் என்கிறான். கேபிள் இழுக்கவா நான்கு வருடம் பி.இ. படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேபிள் இழுப்பதும் மரியாதையான தொழில்தான். ஆனால் உங்கள் மகன் சொல்வது வேறு: நெட்வொர்க்கைக் கண்காணித்து நிர்வகிக்கும் வேலை.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. யாரும் ஊடுருவவில்லை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் நெட்வொர்க்கையே அறுத்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை. கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், பொறியாளர்கள் தரவு மையத்துக்கே நேரில் போக வேண்டியதாயிற்று. எது, எப்போது, யாரால் மாறியது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

நெட்வொர்க் கருவிகளின் நிலையைக் கேட்டறிய 1988இல் வந்த எஸ்.என்.எம்.பி. முறையில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்விட்சையும் (கணினிகளை இணைக்கும் பெட்டி) "நலமா?" என்று விசாரித்தால் போதுமாக இருந்தது. இப்போது கிளவுடில் ஒரு சர்வர் பிறந்து மறையவே இரண்டு நிமிடம்தான் ஆகலாம். விசாரிக்கப் போகும்போது அது இருக்காது. அதனால் கருவிகளே தம் நிலையை இடைவிடாமல் அனுப்புகின்றன. கருவிகளின் அமைப்புகளையும் (செட்டிங்ஸ்) ஒவ்வொரு ரவுட்டராக உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. கோப்பில் எழுதி, ஆன்சிபிள் போன்ற கருவி மூலம் நூறு ரவுட்டர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். தவறும் நூறு இடத்துக்குப் போகும் என்பது வேறு கதை. ஆகவே லினக்ஸ் இயங்குதளமும் பைத்தான் நிரல்மொழியும் கட்டாயம்.

சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. சான்றிதழ்த் தேர்வை எழுதட்டும், நேர்முகத் தேர்வுக்குக் கதவு திறக்கும். வினா-விடையை மனப்பாடம் செய்து வாங்கிய சான்றிதழ் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். "நூறு சதவீத வேலை உறுதி" என்று பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். வீட்டிலேயே பழக உதவும் மென்பொருள்களான பாக்கெட் டிரேசர், ஜி.என்.எஸ்.3, வயர்ஷார்க், ஸாபிக்ஸ் எல்லாம் இலவசம். மடிக்கணினியிலேயே ஒரு சிறு நெட்வொர்க் அமைத்து, ஓர் இணைப்பைத் தானே துண்டித்து, எச்சரிக்கை எத்தனை நொடியில் வருகிறது என்று பார்க்கட்டும்.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்காணிப்பு மையத்தில் சேர்ந்தால் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் சுழற்சிப் பணி. தீபாவளி இரவிலும் திரை முன்னால்தான். திரையைப் பார்த்து எச்சரிக்கையை மேலே அனுப்பும் வேலையை மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது, ஆகவே அங்கேயே தங்கிவிடக் கூடாது. கருவிகளைப் பயன்படுத்துவது போலவே அவற்றை உருவாக்குவதும் ஒரு வழி. ஸோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்தது நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளைத்தான்.

அடுத்த முறை வீட்டு வைஃபை நின்றால் பையனைக் கவனியுங்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறானா, அல்லது ரவுட்டர் வரை பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறதா, அதற்கப்பால் எங்கே நிற்கிறது என்று தேடுகிறானா? தேடுகிறான் என்றால், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போய்ப் பழைய ஸ்விட்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.