காய்ந்த பட்டாணியை அதே வருடம் விதைக்கலாமா?

கேள்வி: வசந்தத்தில் போட்ட பட்டாணியில் சில காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டு விதை எடுத்திருக்கிறேன். அதையே இலையுதிர்கால அறுவடைக்குப் போட்டால் முளைக்குமா, இல்லை ஒரு குளிர்காலம் போக வேண்டுமா?

பதில்: தாராளமாகப் போடலாம். சில மரங்களின் விதை குளிர்காலம் பார்த்தால்தான் கண் திறக்கும், பட்டாணிக்கு அந்த உறக்கம் கிடையாது, காய்ந்திருந்தால் போதும். நெற்று பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலக்க வேண்டும். விதையில் நகத்தை அழுத்தினால் பதியக் கூடாது. பதிந்தால் நிழலில் பரப்பி இன்னும் ஒரு வாரமாவது காயவிடுங்கள். அப்புறம் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஒரு வாரத்தில் ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. பட்டாணிப் பூ பெரும்பாலும் விரியும் முன்பே தன் மகரந்தத்தால் கருவுற்றுவிடும் என்பதால் (1856இல் மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் தன் சோதனைகளுக்குப் பட்டாணியை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்) பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் உங்கள் விதை அநேகமாகத் தாயைப் போலவே வரும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது விதையைப் பற்றி அல்ல, நாளைப் பற்றித்தான். கொடி லேசான உறைபனியைத் தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது. அதனால் உங்கள் ஊரில் முதல் உறைபனி வழக்கமாக எப்போது விழும் என்று பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள்: 60 நாள் ரகம் என்றால், பகல் குறுகிக்கொண்டே போவதால் இன்னும் இரண்டு வாரம், பறிக்கப் பத்து நாள், ஆக 12 வாரம். அக்டோபர் கடைசியில் உறைபனி என்றால் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே விதை மண்ணில் இருக்க வேண்டும், அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் அப்போது மண் சுடும். 30 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு சரியும், அதனால் முதல் நாளே பாத்தியை நனைத்து, வசந்தத்தில் போடுவதைவிடக் கொஞ்சம் ஆழமாக, 5 சென்டிமீட்டர் அளவில் ஊன்றி, முளை வரும்வரை நிழல்வலை கட்டுங்கள். ஊறவைப்பதென்றால் ஓர் இரவு போதும், அதற்கு மேல் தண்ணீரில் கிடந்தால் அழுகும். வசந்தத்தில் பட்டாணி நின்ற அதே பாத்தி வேண்டாம், வேரழுகல் கிருமிகள் மண்ணிலேயே காத்திருக்கும். இலையுதிர்காலத்தில் சாம்பல் நோயும் சீக்கிரம் வரும் என்பதால் கொடிகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள்.

கேள்வி: சேமித்த பட்டாணியில் சிலவற்றில் வட்டமாக ஓட்டை இருக்கிறது. விதைக்கலாமா?

பதில்: வேண்டாம், பொறுக்கி எறிந்துவிடுங்கள். அது பட்டாணி வண்டின் வேலை. தோட்டத்தில் காய் பச்சையாக இருக்கும்போதே வண்டு அதன்மேல் முட்டையிடும், புழு துளைத்து உள்ளே போய் விதையைத் தின்று வளரும். ஓட்டை விழுந்த விதை சில சமயம் முளைக்கும், செடி நோஞ்சானாகத்தான் இருக்கும். மிச்ச விதையிலும் வெளியே தெரியாமல் புழு இருக்கலாம், அதனால் முழுக்கக் காய்ந்த பிறகு காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். ஈரம் இருக்கும்போது வைத்தால் விதையும் சேர்ந்து செத்துவிடும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள், பாட்டிலின் குளிர்ச்சி முழுதாகப் போன பிறகு திறந்தால்தான் விதைமேல் நீர் கோக்காது.